காலி இடத்தின் பதில்

புனேயில் எனக்கு என்ன வேலை என்று அப்பாவுக்கு ஒரு தடவைகூட ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர்ப்பா. அது நிஜமில்ல, வெறும் சாஃப்ட்வேர்" என்றேன். "நிஜமில்லாததுக்கு எதுக்கும்மா சம்பளம் தாராங்க?" என்றார். அதற்குமேல் நான் முயலவில்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வந்து, பேசத்தான் காசில்லாமல் இருந்த காலம். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கோவில்பட்டி வீட்டில் அப்பா தனியாக இருந்தார். புனேயில் போபோடி என்கிற பகுதியில் ஒரு மராத்திக் குடும்பத்தின் மாடி அறையில் நான் தனியாக இருந்தேன். காகு, அதாவது வீட்டுக்காரம்மா, படியில் பார்க்கும்போதெல்லாம் "ஜேவ்லீஸ் கா?" என்பார். சாப்பிட்டாயா என்று கேள்வி. "ஹோ" என்பேன், ஆமாம் என்று. அலுவலகத்துக்கு வெளியே பல நாட்களில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். இப்படியே போனால் தனக்குத்தானே தமிழ் பேசிக்கொள்கிற பைத்தியமாகிவிடுவேனோ என்று பயந்தேன். ஆகியும்விட்டேன். குக்கரோடெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. சாயங்காலம் அறைக்கு வந்ததும் வீட்டு போனுக்கு அடிப்பேன். இரண்டு தடவை மணி அடித்ததும் நிறுத்திவிடுவேன். பத்திரமாக வந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். அவர் எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு. பேச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். ஊரே அப்போது மிஸ்டு காலில்தான் குடும்பம் நடத்தியது, எங்களுக்கு மட்டும் என்ன. அம்மா இருந்தவரை இந்த வித்தை பலிக்கவில்லை. நிறுத்துவதற்குள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து எடுத்துவிடுவாள். இப்போது யாரும் எடுப்பதில்லை. அப்பா போன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்கிற நினைப்பில்தான் என் ஒவ்வொரு நாளும் முடிந்தது.

அலுவலகத்தில் என் பங்கு சின்னது. அந்தப் பொய்க் கணினி கண் விழித்ததும், தன்னில் என்னென்ன கார்டுகள் செருகியிருக்கின்றன என்று தேடும். பஸ் என்கிற பொதுப்பாதையில் வரிசையாக இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் போய் 'நீ யார்?' என்று கேட்கும். நிஜக் கணினியில், அங்கிருக்கும் கார்டு தன் ரெஜிஸ்டரில் பதிந்திருக்கும், தன்னைச் செய்த கம்பெனியின் எண்ணைச் சொல்லும். எங்களிடம் கார்டே கிடையாது. கேள்வியைக் குறுக்கே மறித்து, கார்டு பேசுவதுபோல் நான் பேச வேண்டும். மிமிக்ரிதான், வேறென்ன.

ஒரே ஒரு நெட்வொர்க் கார்டுக்குப் பேசக் கற்றுக்கொடுத்து ஓடவிட்டேன். பட்டியலில் எல்லா இடத்திலும் அதே கார்டு வந்து நின்றது. எந்த இடத்தைக் கேட்கிறார்கள் என்று பார்க்காமலே, கேட்டபோதெல்லாம் 'நான்தான்' என்று அது பதில் சொல்லியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், பிம்ப்ரியிலிருந்து வருகிறவர், எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "அரே, காலி ஸ்லாட் கோ காலி ரஹ்னே தோ!" காலி இடம் காலியாகவே இருக்கட்டுமாம். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

திருத்தினேன். காலி இடத்தைக் கேட்டால் எண்ணின் எல்லா பிட்டும் 1 என்றே திரும்பிவர வேண்டும். எந்தக் கம்பெனிக்கும் அந்த எண்ணைக் கொடுப்பதில்லை. அதனால் அது வந்தாலே இங்கே யாரும் இல்லை என்று தெரிந்துவிடும். யாரும் இல்லாததற்குக்கூட ஒரு பதிலை யோசித்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பும் டவுன் பஸ் ஒரு பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அது உறைத்தது. நான் வீட்டுக்கு அடிக்கும் போனில் அப்படியொரு பதில் கிடையாது. ஆள் இருக்கும் வீட்டிலும் இல்லாத வீட்டிலும் மணி ஒரே மாதிரிதான் அடிக்கும். இத்தனை மாதமாக அப்பா அங்கே இருக்கிறார் என்று எதை வைத்து நம்பினேன்?

அறைக்கு வந்து அடித்தேன். இரண்டு மணியில் நிறுத்தவில்லை. அது அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். பிறகு ஊரில் எதிர்வீட்டு அக்காவுக்கு அடித்தேன்.

"பதறாத. உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. டெய்லி சாயந்திரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சுல உக்காந்துருதாரு. இருட்டுன பொறவுதான் வருவாரு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. காலி வீட்டுக்குத்தான் தினமும் வந்துசேர்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபம்தான் முதலில் வந்தது. கோபம் தீர்ந்ததும் அழுதேன்.

அப்பா திரும்பியதும் அக்கா அவரிடம் சொல்லியிருப்பார்போல. கொஞ்ச நேரத்தில் அப்பாவே கூப்பிட்டார்.

"எதுக்குப்பா போறீங்க? நான் அடிக்கிற நேரம்னு தெரியும்ல?"

"தெரியும்மா. அதான் போயிருதேன்."

"எடுக்கத்தான வேண்டாம்னேன். கேட்டுட்டு உக்காந்திருந்தா போதுமே."

அப்பா மெதுவாகச் சொன்னார். "ரெண்டு மணியில நிக்கிதுல்ல, ஒங்கம்மா எடுத்துட்டான்னு தோணுதும்மா. அவ பேசுவான்னு காது அடுப்படிப் பக்கமே போயிருது."

மறுநாளிலிருந்து நான் மணியை நிறுத்தவில்லை. அவர் வந்து எடுக்கும்வரை அடிக்க விட்டேன்.