உர்சுலாவின் நான்கு முன்பற்கள்

ஹானோவர் பார்க்கில் எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டியும் சொந்த முன்பற்களோடு திரிந்தவள் என் அண்ணன் மனைவி உர்சுலா ஒருத்திதான். நாங்கள் மற்ற எல்லோரும் பதினாறு, பதினேழு வயதிலேயே மேல்வரிசையில் நான்கைப் பிடுங்கிக்கொண்டவர்கள். சொத்தை, வலி எதுவும் இல்லை. அதுதான் அழகு என்று நினைத்தோம். வாரநாளில் பொக்கை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பல்செட்.

உர்சுலா தப்பியதற்குக் காரணம் வெறும் பயம். அவள் அம்மா பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போனபோது, மருத்துவர் ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியிலிருந்து குதித்து, கழுத்தில் கட்டிய துணியோடு டாக்சி நிறுத்தம் வரை ஓடியிருக்கிறாள். அதற்குப் பிறகு பல் மருத்துவர் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

அந்தப் பயமே பிறகு வினையாக வந்தது. சுத்தம் செய்யாத ஈறு வீங்கியது. தலையணையில் ரத்தக் கறை. ரொட்டியைக் கடித்தால் முன்பல் அசைந்தது. நான்தான் திட்டித் தீர்த்து, மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பல் சுத்தம் செய்யும் நொம்வுயோ பல்லில் படிந்த காரையை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, மெழுகு பூசிய நூல் சுருள் ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

"தினமும் இதைப் பல்லிடுக்குல விட்டு எடுக்கணும், ஆன்ட்டி. முதல்ல ரத்தம் வரும், அதுக்காக விட்டுடாதீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. ஈறு இறுகலைன்னா முன்பல் நாலையும் எடுத்துட வேண்டியதுதான்."

வீட்டில் என் அண்ணன் ஆஷ்வெல்லுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எதுக்குடி இந்தப் பாடு? என் பல்லுக்கு நூல் வேணாம், ஒரு டம்ளர் தண்ணி போதும்."

"உன் பல்லு டம்ளர்ல சிரிக்குது. என்னோடது என் வாயிலயே சிரிக்கட்டும்."

வாய்தான் பெரிசு. குளியலறைக் கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்ததும் நூலைக் கீழே போட்டுவிடுவாள். "கண்ணாடியைப் பாக்காதே, டிவியைப் பாரு" என்றேன். அது பலித்தது. சாயங்காலத் தொடர் ஆரம்பித்தால் விரல்கள் தானாக நூலைத் தேடும், விளம்பரம் முடிவதற்குள் இரண்டு வரிசையும் முடிந்துவிடும்.

பிறகு மின்வெட்டு வந்தது. தினமும் சரியாகத் தொடர் போடும் நேரத்துக்குக் கரண்ட் போய்விடும். தொடர் இல்லை, நூலும் இல்லை. சுத்தமாக மறந்தே போனாள். ஒருநாள் என் சமையலறையில் வாய் கொப்பளித்தவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. நொம்வுயோ சொன்ன தேதிக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.

"போச்சு. நாலும் போச்சு" என்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கரண்ட் போனா உன் கை கூடவா நின்னு போகும்?"

சொல்லி வாய் மூடவில்லை, விளக்கு அணைந்தது. மெழுகுவர்த்தி தேடப் போன என்னை அவள் தடுத்தாள். "இரு, ஏத்தாதே." இருட்டில் அவள் கைப்பையிலிருந்து எடுத்த நூல் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ரத்தம் வந்திருக்கும். அவள் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. அன்றிலிருந்து கரண்ட் இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டே நூலை எடுத்தாள். ஒரு நாளும் தவறவில்லை.

குறித்த நாளில் மீண்டும் அதே நாற்காலி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் கதவை மறைத்து நின்றேன், ஓடினால் பிடிக்கத்தான். நொம்வுயோ மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு, ஒவ்வொரு பல்லாகப் பஞ்சை ஒற்றி எடுத்தாள். அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை. வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. நான்காவது சிவந்து வந்தது. அந்தப் பல்லை விரலால் அசைத்துப் பார்த்ததும் நொம்வுயோவின் முகம் வாடியது.

"மூணு இறுகிடுச்சு, ஆன்ட்டி. இந்த ஓரத்துப் பல்லைக் காப்பாத்த முடியாது."

உர்சுலாவின் கால்கள் நாற்காலியிலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன். நான் கதவை இன்னும் நெருங்கி நின்றேன். ஒரு பாதம் தரையைத் தொட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"இப்பவே எடுத்துடுங்க. வீட்டுக்குப் போயிட்டா நான் திரும்பி வரமாட்டேன்."

மருத்துவர் வந்தார். ஊசி போட்டார். அவள் ஓடவில்லை.

வெளியே வந்தவள், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்காகவா அழுறே?" என்று குழறினாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். அவள் ஆடிப்போன பல்லுக்காக மூன்று மாதம் மல்லுக்கட்டினாள். நான் பதினேழு வயதில் சிரித்துக்கொண்டே பிடுங்கக் கொடுத்தேனே, அந்த நான்கில் ஒன்றுகூட ஆடியதில்லை.