கடைசிப் பதினாறு பக்கம்

1. சைதாப்பேட்டையிலிருந்து ஒரு போன்

“சார், அந்தக் கொலை நாவலைப் பத்தி எழுதினது நீதானா?”

நான்தான் என்றேன். தி. நகரில் எங்கள் வார இதழின் மதிப்புரைப் பக்கம் என்னுடையது. மாடு வளர்ப்பு, பங்குச் சந்தை, வாஸ்து, சட்னி வகைகள், எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். காலையில் சர்க்கரை நோயாளிக்குச் சமைப்பேன், மதியம் ஆவியோடு பேசுவேன். ஒரே இடத்தில் உட்காரத் தெரியாத புத்திக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

“கொலைகாரன் ஆருன்னே சொல்லாம முடிச்சிட்டாங்கன்னு எழுதிக்கிற. அதுக்கோசரம்தான் வாங்கினேன். இங்க அவன் பேரு, வேல, செருப்பு சைஸ் வரைக்கும் போட்டுக்கீது. நீ இன்னா புக்கு படிச்ச?”

என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பக்கம் 176. அடுத்து பின்னட்டை. அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். பைண்டர் கடைசி ஃபாரத்தைச் சேர்க்க மறந்திருக்கிறார். என் கெட்ட நேரம், 176 ‘கதவு திறந்தது’ என்று முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. நானும் அதில் மயங்கி, “இருட்டுக்கு முடிவு எழுதக் கூடாது என்று தெரிந்த கை” என்று எழுதிவிட்டேன். அந்த வரியை டீக்கடையில் எனக்கு நானே இரண்டு தரம் வாசித்துக் காட்டியது தனிக் கதை.

2. எடிட்டர்

“யோவ், பின்னட்டை வந்தா கதை முடிஞ்சிச்சுன்னு அர்த்தமா? அந்தம்மாவுக்கு இது முதல் நாவல்யா. நேர்ல போய்ப் பாரு. அவங்க சமாதானம் ஆகலைன்னா அடுத்த வாரத்திலேருந்து உன் பக்கத்துல ராசிபலன்தான்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராசிபலனுக்கு விளம்பரம் வரும், எனக்கு வராது.

3. சாந்தோம்

நாவலை எழுதிய ஸ்டெல்லா டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். பள்ளியில் கணக்கு எடுப்பவர். நான் மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள் டீயையும் முழுப் பிரதி ஒன்றையும் முன்னால் வைத்தார். பக்கத்தில் என் மதிப்புரை, கத்தரித்து, சிவப்பு மையில் அடிக்கோடுகளோடு.

“நூத்தி எழுபத்தேழாம் பக்கம். படிங்க சார். நான் இங்கயேதான் இருக்கேன்.”

பரீட்சை ஹாலில் மாட்டிய மாதிரி படித்தேன். கொலைகாரன் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த பஸ்ஸில் போனான் என்பது வரை ஒப்புக்கொள்கிறான். அதை அப்படியே இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குச் சொல்கிறார். கான்ஸ்டபிள் வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொல்கிறார்.

“எப்படி இருக்கு?”

‘அற்புதம்’ நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் என் பக்கம் பிழைக்கும். ஆனால் தெரியாமல் ஒரு பொய் எழுதியாயிற்று. தெரிந்தே இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை.

“டீச்சர், ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றீங்க. உண்மையைச் சொன்னா, இந்த ஃபாரம் இல்லாத புத்தகம் இதைவிட நல்லா இருந்தது.”

என் பக்கத்தில் மேஷமும் ரிஷபமும் வந்து உட்காருவது கண்ணுக்குத் தெரிந்தது.

“எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு” என்றார் கடைசியில். “அவர்கிட்ட ஒரு வாரம் பேசல.” சிவப்புப் பேனாவை எடுத்து மதிப்புரையின் கீழே ஏதோ போட்டுத் தள்ளினார். பத்துக்கு மூன்று. “விடை சரி, அதுக்கு ரெண்டு. என் பேரைத் தப்பில்லாம எழுதினதுக்கு ஒண்ணு. ஸ்டெப்ஸ் எல்லாம் பொய். டீ ஆறுது, குடிங்க.”

நடந்ததை, மார்க் உட்பட, அடுத்த வாரம் என் பக்கத்திலேயே எழுதினேன். டீச்சரே எடிட்டருக்கு போன் செய்து, திருத்தம் சரியாக இருப்பதாகச் சொன்னார். பக்கம் தப்பியது. இரண்டாம் பதிப்பில் கொலைகாரன் ஐந்தே பக்கத்தில் மாட்டுகிறான்; கான்ஸ்டபிளின் மனைவிக்கு வேலையே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வகைப் புத்தகமானாலும் முதலில் ஃபாரத்தை எண்ணுங்கள். ஒரு மௌனத்தைப் பாராட்டும் முன் அது எழுதியவருடையதா, பைண்டருடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கவிதைத் தொகுப்புக்கு மட்டும் இந்தச் சிரமம் வேண்டாம். நானும் கவிஞன் என்பதால் சொல்கிறேன்: அதில் ஒரு ஃபாரம் குறைந்தால், எழுதியவருக்கே தெரிய நாளாகும்.