சகலை வீட்டு ஷெட்

பஸ் டிப்போவில் வெல்டராக இருந்தவருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் நடுவே ஒரு மதில்சுவர்தான். அக்காவைக் கட்டியவர் வெல்டர். தங்கையைக் கட்டியவர் கடைக்காரர். பிரிந்து இருக்க முடியாது என்று சகோதரிகள் அடம்பிடித்து அடுத்தடுத்த மனைகளை வாங்க வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டம். வெல்டருக்கோ அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல்.

கடைக்காரர் கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பார்த்த இடத்தில் "வாங்கண்ணே" என்று முகம் மலர்வார். திட்டுவதற்கு ஒரு பிடி கிடைக்காது. வீட்டிலோ, "தங்கச்சி வீட்டுல பாருங்க" என்று மனைவி பேச்சை ஆரம்பித்தாலே வெல்டர் எழுந்து செருப்பைத் தேடுவார்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது மதிலுக்கு அந்தப்பக்கம் இரும்புத் தூண்கள் நின்றன. முகமூடி போட்ட யாரோ ஒருவன் உத்தரத்தின் மேல் உட்கார்ந்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான்.

"யாரு அது?"

"ஷெட் போடறாங்க. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளயே இருக்கிற வேன் வாங்கியிருக்காருல்ல, அது நிக்கிறதுக்கு" என்றாள் மனைவி.

"அதுக்கு வெளியாளா?"

"உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நெனச்சிருப்பாரு."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவில் பாதி கேட்டுகள் அவர் கையால் பிறந்தவை. சொந்தச் சகலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷெட்டோ நாளுக்கு நாள் வளர்ந்தது. மேலே சாமான் வைக்கப் பரண் வேண்டுமென்று கடைக்காரர் இன்னும் உயர்த்தச் சொன்னார். கடைசியில் தகரக் கூரை இரண்டு வீடுகளையும் விட உயரமாகப் போய் நின்றது. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வெல்டர் வீட்டுச் சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று.

விளக்கு ஒரு சாக்குதான். அது அவருக்கே தெரியும். இருந்தும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

"வீட்டோட சேராத ஷெட்டு பத்தடிக்கு மேல போகக் கூடாது" என்றார் கட்டட அதிகாரி. "விசாரணை வைப்போம். நீங்க மனு குடுத்தது வெளிய தெரியாது."

விசாரணைக்கு இரண்டு குடும்பமும் ஒரே வேனில், அந்தப் புது வேனில்தான், போனது. வெல்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இருக்கை மெத்தென்று இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"உயரம் கூடிப்போச்சு, ஒத்துக்கறேன் சார்" என்றார் கடைக்காரர். "ஆனா யாருக்கும் இடைஞ்சல் இல்ல. பக்கத்து வீடு என் சகலைதான். அவரையே கேளுங்க."

அதிகாரி வெல்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கொழுந்தியாள் சிரித்த முகத்தோடு திரும்பி, "சொல்லுங்க அத்தான்" என்றாள்.

வெல்டர் எழுந்தார். இடைஞ்சல் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"மனு குடுத்ததே நான்தான்."

கடைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"என்னண்ணே, என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ என்கிட்ட சொன்னியா? வெல்டிங்குக்கு எங்கிருந்தோ ஆளைப் புடிச்சிட்டு வந்தியே, நான் செத்தா போயிட்டேன்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் கறுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூரையைப் பத்தடிக்கு இறக்க உத்தரவானது. திரும்பும்போது வெல்டரும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். "ஷெட்டுக்காகவா என் தங்கச்சி மூஞ்சில முழிக்க விடாம பண்ணீங்க?" என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூரையை இறக்கவும் அதே வெளியாள்தான் வந்தான். வேலை முடிந்த பிறகு வேன் உள்ளே போகவில்லை, அதன் தலையில் இருந்த சாமான் கூண்டு பரணில் இடித்தது. அதனால் அது தெருவிலேயே, வெல்டர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. முன்பு ஷெட்டைப் பார்த்தவர்கள் இப்போது வேனைப் பார்த்தார்கள். சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "வண்டி உங்களுதா சார்?" என்று விசாரித்தார்கள். "இல்ல" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு வறண்டது.

சகோதரிகளின் கோபம் தானாகக் கரைந்தது. விடுமுறைக்குக் கடற்கரைப் பயணம் என்று முடிவானபோது கொழுந்தியாளே வந்து அழைத்தாள். "எனக்கு டிப்போவுல வேலை" என்றார் வெல்டர். வேலை இல்லை.

அவர்கள் போனதும் பக்கத்து வீட்டு ஷெட்டுக்குள் நுழைந்தார். ஒவ்வொரு ஜாயிண்ட்டாகத் தடவிப் பார்த்தார். ஒரு குறையாவது இருக்க வேண்டுமே! இல்லை. ஒட்டு வழவழவென்று, அவரே அடித்தது போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் போன் வந்தது. கடைக்காரர்தான். விசாரணைக்குப் பிறகு அவர் பேசுவது அதுவே முதல் தடவை.

"அண்ணே, வண்டி மேல ஏறற ஏணி ஒட்டு விட்டுப்போச்சு. வந்ததும் கொஞ்சம் பாக்கறீங்களா?"

"யாரு ஒட்டுனது?"

"ஷெட் போட்ட அந்த ஆளுதாண்ணே."

வெல்டர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். "நீ அவன்கிட்ட மட்டும் காட்டிடாத."