துணியில் ஒட்டிய மஞ்சள்

தென்காசியில் மகன் வீட்டுச் சுவரில் ஒரு மளிகைக்கடைக் காலண்டர் தொங்குகிறது. ஆண் இருவாச்சி, மரப்பொந்துக்குள் இருக்கும் பெட்டைக்குப் பழம் ஊட்டுகிறது. கீழே 'அன்பான குடும்பம்' என்று கொட்டை எழுத்து. படம் நான் வரைந்தது. சீமைக்குப் போனது எப்படிச் சிவகாசிக்கு வந்து சேர்ந்ததோ! "எவ்வளவு உசிரோட்டமா இருக்கு மாமா" என்றாள் மருமகள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அந்தப் படத்துக்கு ஒரு நாற்றம் உண்டு. அதை அச்சடிக்க முடியாததால் நீங்கள் தப்பித்தீர்கள்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். செங்கோட்டை நாடகக் கொட்டகையில் திரைச்சீலைகளில் படம் எழுதிக்கொண்டிருந்தேன். என் மயிலுக்கு மானைவிடப் பெரிய கண் இருக்கும், யாரும் கேட்டதில்லை. குற்றாலத்தில் பங்களா எடுத்திருந்த ஒரு துரைக்கு மலைப்பறவைகளை இறகு இறகாக வரைய ஆள் வேண்டும் என்றார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பெரிய கலைஞன் என்ற நினைப்பு.

வடகரை முத்தையா அண்ணாச்சி பறவைகளைச் சுட்டுக் கொண்டுவருவார். கழுத்தில் கம்பி செருகி, வராந்தா மேசையில் ஒரு கிளை நட்டு உட்கார்த்திவைப்பேன். முதலில் கண், சீக்கிரம் கலங்கிவிடும். அப்புறம் அலகு, கால். இறகு கடைசியில். அதற்கு மூன்று நாளாகும். இரண்டாம் நாளே வயிறு ஊதி வாயில் நீர் வடியும். மூக்கில் கற்பூரத்தைத் திணித்துக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியே இறகின் கோடுகளை எண்ணுவேன். புழு நெளிந்தால் ஊசியால் எடுத்துப் போட்டுவிட்டு மேலே வரைவேன். இன்றைக்கும் வீட்டில் கற்பூரம் ஏற்றினால் வாசலுக்குப் போய்விடுகிறேன். நாத்திகன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஒரு மாசி மாதம் முதல் இருவாச்சி வந்தது. அலகெல்லாம் ரத்தம். எனக்குச் சுத்தம் அதிகமாயிற்றே! சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தேன். துணி மஞ்சளாகிவிட்டது, அலகு வெளுத்துவிட்டது. அந்த மஞ்சள், வாலடியில் ஊறும் எண்ணெயைப் பறவையே எடுத்துப் பூசிக்கொள்வது என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னவே, செத்ததக் குளிப்பாட்டுதீரு?" என்றார் அண்ணாச்சி.

"மஞ்ச போயிட்டு. வேற ஒண்ணு வேணும்."

"அதான் துணியில இருக்கே, பாத்துப் பூசும்."

"உள்ளது உள்ளபடி வேணும் அண்ணாச்சி" என்றேன். துணி என் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே இரண்டாவது வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் எப்படி என்று நான் கேட்கவில்லை. அலகுக்குள் அத்திப்பழம்கூட இருந்தது. மஞ்சள் பிரமாதமாக அமைந்தது. துரை மெச்சிவிட்டு, படத்தின் பின்னணியில் அதன் கூடும் வேண்டும் என்றார். அண்ணாச்சி என்னை மலைக்குக் கூட்டிப்போனார்.

உயரத்தில் ஒரு பொந்து. முட்டையிடும்போது பெட்டை உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். பறக்கும் இறகும் உதிர்ந்துவிடும். ஆண் ஊட்டினால்தான் சாப்பாடு. கீறல் போன்ற சந்தில் அலகு நுனி மட்டும் தெரிந்தது.

"ஆணு எங்க?" என்றேன்.

"உம்ம மேசையில இருக்குல்லா. வேளை தவறாம இங்கன வரும், சுடுறது லேசு." கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தார். "ஏறி அடைப்ப ஒடைச்சிரட்டா? நாமளாவது பழம் போடலாம்."

"அந்தப் பூச்சு அப்படியே வேணும். வரைஞ்சு முடிச்சிருதேன், இருங்க."

எட்டு நாள் வரைந்தேன். கிளை அசைந்தாலே அலகு வெளியே வந்து திறக்கும். வரைய வசதியாக இருந்தது என்று அன்று நினைத்தவன் நான்தான். வேறு யார்மேலும் பழியைப் போட முடியாது. எட்டாம் நாள் அலகு வரவில்லை. அண்ணாச்சி ஏறி அடைப்பை உடைத்தார். "குஞ்சும் போயிட்டு" என்று இறங்கியவர், ஓடையில் வெகுநேரம் கை கழுவினார். அப்புறம் என்னோடு பேசவே இல்லை.

அந்நாளில் ஒரு ஜோடி தலைக்குமேல் பறந்தால் ரயில் வருகிற மாதிரி இரைச்சல் கேட்கும். அருவியில் குளிப்பவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

வருஷம் முடிந்ததும் படத்தை வெட்டிக் கண்ணாடி போடப்போகிறாளாம் மருமகள். "இந்தப் பறவை இப்ப எங்க மாமா இருக்கு?" என்று கேட்டாள்.

என் மேசையில் என்று வாய்வரை வந்தது. பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.