சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட்

திருவொற்றியூர் கார் சீட் கவர் கடையை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. திருநெல்வேலிக்கார முதலாளி சம்பளத்தைக் கையில் வைத்து, "அடுத்து எங்கடே?" என்றார். தெரியாது என்றேன். ஓரிடத்தில் உட்கார முடியாது என்பது ஏழாம் வகுப்பிலேயே தெரிந்துபோன விஷயம். பையில் இரண்டு சட்டை, கரண்ட் பார்க்கும் டெஸ்டர் விளக்கு.

சாயங்காலம் காசிமேடு வந்தபோது, ஒரு டாக்சி பானெட்டைத் திறந்துகொண்டு தெருமுனையில் நின்றது.

"தள்ளணுமாண்ணே?"

"தள்ளித் தள்ளி தெருவுக்கே கை காச்சிப் போச்சு நைனா," என்றார் டிரைவர்.

பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற அவர் மனைவி, "போட்ட வித்தும் இந்த மனுசன் தள்றத வுடல," என்றார்.

அவர் முன்பு சொந்த போட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். இப்போது விடியற்காலையில் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிறார். கார் தினமும் மக்கர் செய்தது. இன்னொரு நாள் லேட்டானால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாகக் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம்.

கடையில் கேமரா, விளக்கெல்லாம் மாட்டிப் பழகியிருந்ததால் உள்ளே பார்த்தேன். நிறுத்தியிருந்த காரின் பக்கக் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டுப் போனதால், முன்னால் கேமரா மாட்டியிருந்தார். இன்ஜின் ஓடாதபோதும் அது படம் பிடிக்க, சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி பேக். அந்த பேக்கை அவரே கார் பேட்டரியோடு நேராக இணைத்திருந்தார்.

"போட்டுல அப்டித்தானே? லைட்டு, மீனு காட்ற மிஷினு, அல்லாம் டைரட்டு."

"போட்டுல இன்ஜின் ஓடிக்கினே இருக்கும்ணே. இது நிக்குது. ராவெல்லாம் பேக்கு கார் பேட்டரியக் குடிக்குது."

"இவரு குடிய நிறுத்துனாரு, காரு ஆரம்பிச்சிடுச்சா," என்றார் மீன்கூடை அக்கா.

நேர் ஒயரைக் கழற்றினேன். ஃபியூஸில் செருகும் ஒயர், பேக் வந்த டப்பாவிலேயே பிரிக்காமல் கிடந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒவ்வொரு ஃபியூஸாக டெஸ்டரை வைத்தேன். சாவியைத் திருப்பினால் மட்டும் விளக்கு எரிந்த இடத்தில் அதைச் செருகி, எர்த் ஒயரை பாடியில் ஒரு போல்ட்டில் முறுக்கினேன்.

"அப்ப வண்டி நின்னா கேமராவுக்கு சோறு?"

"ஓடும்போதே பேக்கு வாங்கி வெச்சிக்கும். நின்னா அது குடுக்கும்."

"கட்டுச்சோறு," என்று தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை.

தெரு மறுபடியும் தள்ளியது. பேட்டரி ஏறட்டும் என்று எண்ணூர் வரை ஓட்டிப்போய் வந்தோம். அக்கா சங்கரா மீன் குழம்பு ஊற்றினார். "மாடில படுத்துக்க தம்பி. காலைல ஸ்டார்ட் ஆவலன்னா மொதக் கை உன்னுது."

விடியும்போது யாரும் கூப்பிடாமலே நாலைந்து பேர் வந்து, பழக்கத்தில் காரின் பின்னால் கைவைத்து நின்றார்கள். நானும் நின்றேன். டிரைவர் கேமராவைப் பார்த்தார், சாவியைத் திருப்பினார். உடனே உறுமிக் கிளம்பியது. சாய்ந்து நின்ற நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழப்போனோம். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

"பாத்தியா, ஒரு டீ கூட சொல்லல," என்று கையைத் தட்டிக்கொண்டார் பக்கத்தில் நின்றவர், அக்காவின் தம்பி. பிறகு என் பையைப் பார்த்தார். "நம்ப போட்டுல லைட்டு எரியல. ஒயரு வேல பாத்துக்கினு கூட வரியா? ஆனா இங்க அல்லாம் டைரட்டுதான்."

தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் துறைமுகத்துக்கு நடந்தேன்.