நகக்காரரும் மாஸ்டர் சிலிண்டரும்

ஊரெல்லாம் நகத்தை வெட்டும். இவர் மட்டும் இடது கைச் சுண்டுவிரல் நகத்தை வளர்ப்பார். அழகுக்கா? நல்ல கதை! பழைய கார்களின் பிரேக்கைத் தவிர வேறு எதையும் தொடாத மெக்கானிக் அவர். அந்த நகம்தான் அவருடைய அளவுகோல். அதனாலேயே நகக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருத்தருக்கும் கடை தெரியாது.

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்கிற இரும்புக் குழாய்க்குள் பிஸ்டன் நகர்ந்து, எண்ணெயை நான்கு சக்கரத்துக்கும் தள்ளும். எண்ணெய் பின்பக்கம் நழுவாமல் பிடிப்பது பிஸ்டனில் இருக்கிற ரப்பர். ஐம்பது அறுபது வயதான கார்களில் இந்தச் சிலிண்டரில் ஒரே ஒரு பாதைதான். அது கைவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து கைவிடும். பிறகு கடவுளைத்தான் கூப்பிட வேண்டும்.

கோளாறு வந்தால் வழி இரண்டு. ரப்பரை மட்டும் மாற்றிப் பழசையே ஓட்டலாம், இல்லை பழசைக் கடாசிவிட்டுப் புதுசு போடலாம். குழாயின் உள்சுவர் வழவழவென்று இருந்தால் ரப்பர் போதும். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை ரப்பர் போட்டாலும் அந்தக் குழி தின்றுவிடும். நகக்காரர் சுண்டுவிரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுப்பார். நகம் தட்டினால் குப்பைக்கு, தட்டாவிட்டால் ரப்பருக்கு. டார்ச் அடித்துப் பாருங்களேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, சுள்ளென்று கோபம் வரும்.

"கண்ணு ஏமாத்தும். நகம் ஏமாத்தாது."

புதுசு என்றாலே அவருக்கு ஆகாது. "பெட்டி மட்டும் பளபளன்னு இருக்கும். உள்ள தள்ளுற கம்பி ஒரு நூல் நீளம் ஜாஸ்தி. அப்படியே மாட்டினா பிரேக் பிடிச்ச பிடிய விடாது" என்பார். அதுவும் பொய்யில்லை. ஆனாலும் நல்ல புதுசையும் திட்டுகிற ஆள் இவர்.

கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பது அவருடைய வீட்டுக்காரம்மா. "நகத்த நம்புறதுல பாதியாவது டாக்டர நம்புங்க. சக்கரை மாத்திரை அப்படியே கெடக்கு. நேத்து ஒரு கால் செருப்பு நழுவிப் போனதுகூடத் தெரியாம கடைக்குள்ள வந்து நிக்கிறீங்க" என்று சொல்லிச் சிரிப்பார். நகக்காரரும் சிரித்து வைப்பார். அப்போது இரண்டு பேருக்குமே அது வெறும் வேடிக்கை.

நகக்காரருடைய அக்காவின் மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்கக் கிளம்புமுன் அக்கா புருஷன் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மச்சான், மலையேறி எறங்கணும். பேசாம புதுசே போட்டுடேன்."

"எங்கக்கா உக்காரப் போற வண்டி மாமா. குப்பைய மாட்டி அனுப்புவேனா?"

சிலிண்டரைக் கழற்றி, கழுவி, துடைத்து, விரலை விட்டு இழுத்தார். தட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். தட்டவில்லை. புது ரப்பர் போட்டு, எண்ணெய்க் குழாய்களில் புகுந்த காற்றை வெளியே எடுத்து, திருப்தியோடு சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் காலை கடையில் கம்பி பிரஷ்ஷால் வேறொரு சாமானைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பெட்டிகளோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயையோ, நகத்துக்குள்ள கம்பி! ரத்தம் வருது பாருங்க!"

பார்த்தார். பிரஷ்ஷின் கம்பி ஒன்று சுண்டுவிரல் நகத்துக்கும் சதைக்கும் நடுவே கால் அங்குலம் இறங்கியிருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லையே."

மனைவி கம்பியைப் பிடுங்கினார். தன் புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தார். "கண்ண மூடுங்க. குத்தினா சொல்லுங்க."

நகக்காரர் கண்ணை மூடிக் காத்திருந்தார். "ம், குத்து."

"மூணு தடவ குத்திட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. விரல் எப்போது செத்தது? போன மாதமா, போன வருஷமா? அதற்கப்புறம் எத்தனை சிலிண்டரைத் தட்டவில்லை என்று அனுப்பியிருக்கிறார்? அக்கா!

அந்நேரம் அவர்கள் கிளம்பிப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மாமா போனை எடுக்கவில்லை. அக்கா போன் அடித்து அடித்து நின்றது. ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"மலை உச்சியில டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம்டா. இனிமே எறக்கம்தான்."

"அக்கா, வண்டிய எடுக்கவேணாம். சாவிய வாங்கி உன் பையில போட்டுக்கோ. நான் வர்றேன்."

"என்னடா ஆச்சு?"

"என் விரல் செத்துப்போச்சுக்கா" என்றார். கடையில் இருந்ததிலேயே நல்ல புதுச் சிலிண்டராகப் பார்த்து எடுத்துக்கொண்டு, மனைவியோடு வாடகைக் காரில் ஏறினார்.

டீக்கடை வாசலில் மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஏறும்போது கடைசி வளைவுல மிதிச்சேன் மச்சான். பெடல் மெதுவா உள்ள போச்சு. மறுபடி மிதிச்சதும் பிடிச்சுது. நீ பாத்த வண்டியில கோளாறு வருமா? நாமதான் சரியா மிதிக்கலைன்னு நெனச்சேன். உங்கக்காகிட்டகூடச் சொல்லல."

அந்த இறக்கத்தில் பதினாறு வளைவுகள். நகக்காரர் காருக்கடியில் புகுந்தார். பழைய சிலிண்டரைக் கழற்றித் துடைத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் சின்ன நகமுள்ள தன் சுண்டுவிரலை உள்ளே விட்டு இழுத்தார்.

"தட்டுது. இங்க. இதோ, இங்கயும்."

நகக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "எங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையேடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு புதுசை மாட்டினார். தள்ளுகிற கம்பி நீளமாகத்தான் இருந்தது. பிடியை விடும் அளவுக்கு அதைத் திருகிக் குறைத்தார். காற்றை எடுத்தபோது மனைவி பெடலை மிதித்தார். மிதித்த இடத்தில் பெடல் கெட்டியாக நின்றது.

"முன்னாடி ஏறு" என்றாள் அக்கா. "எறக்கத்துல நீயும் எங்ககூட வா."

வாடகைக் காரை அனுப்பிவிட்டு நாலு பேரும் ஏறினார்கள். முதல் வளைவில் மாமா ஒரே மிதி மிதித்தார். வண்டி நின்றது.

"ஒரு வருஷத்துல ரப்பர் போட்டு அனுப்பினது எத்தன வண்டி?" என்று நகக்காரர் திரும்பாமல் கேட்டார்.

"பத்தொம்பது" என்றார் மனைவி.

அவர் போனை எடுத்து முதல் ஆளைக் கூப்பிட்டார். "சார், உங்க பிரேக்க நான்தான் பாத்தேன். வண்டிய எடுக்காதீங்க."