அப்பா பிடித்துவந்த பேண்டு

என் கல்யாணத்துக்குப் பேண்டு வாத்தியம் பார்க்கும் பொறுப்பை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் அக்காவின் கல்யாணம். அதற்கு நாகர்கோவிலிலிருந்து சிவப்புக் கோட்டுப் போட்ட பேண்டுக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்கள் அதே நாளில் இன்னொரு கல்யாணத்துக்கும் அச்சாரம் வாங்கியிருந்தது எங்களுக்குத் தெரியாது. தாலி கட்டி, பந்தி முடிந்து, எச்சில் இலை எடுக்கும்போது வந்து நின்று ஊதினார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; நாகசுரம் வைப்பதில்லை. ஆகவே அக்கா சத்தமே இல்லாமல் கோவிலுக்கு நடந்துபோனாள். அத்தான் வீட்டார் அதை வெகுகாலம் சொல்லிக்காட்டினார்கள்.

கருங்கல் ஊர்ப்பக்கம் ஒரு சவ அடக்கத்துக்குப் போன அப்பா, மழையில் தெப்பமாக நனைந்து வந்தார். தலையைக்கூடத் துவட்டாமல், "பேண்டு கிட்டியாச்சு" என்றார்.

அம்மாவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. அடக்கத்தில் வாசித்தவர்களையே என் கல்யாணத்துக்குப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார்!

"எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு சவப்பெட்டிக்கு முன்ன ஊதினவியளா? ஒங்களுக்கு மூளை இருக்கா?"

"என்னா மழை தெரியுமா? பெட்டி தூக்கினவனே கீழ வச்சிட்டு ஒதுங்குனான். இவிய ஒதுங்கல்ல. எவன் நல்லா வாசிக்கான்னு நான் பாக்கல்ல. எவன் நிறுத்தாம வாசிக்கான்னுதான் பாத்தேன்."

சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டுத் தலையாட்டுகிற அம்மா, அன்றிலிருந்து அப்பாவோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட வரச் சொல்வதென்றாலும் என் மூலமாகத்தான். எனக்கும் ஆத்திரம்தான். மாப்பிள்ளையின் தாயார் கணவரை இழந்தவர். புதுக்கடை என்ற ஊரில் ஒற்றையாக நின்று மகனைப் படிக்கவைத்து வாத்தியாராக்கியவர். கறாரான மனுஷி என்று கேள்வி. அவருக்கு இது தெரிந்தால், அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே நான் கெட்டேன்.

அப்பா பேண்டுக்காரர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வேகமாக நடக்கவேண்டும். பாட்டில் குறையில்லை. சந்தோஷமான கீர்த்தனைகளும் அவர்களுக்கு நிறையத் தெரியும். கால்தான் சிக்கல். வருஷக்கணக்காகப் பெட்டிக்கு முன்னால் நடந்த கால்கள், ஓரடி வைத்து, நின்று, பிறகுதான் அடுத்த அடி வைக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் முற்றத்தில் அவர்களை அங்குமிங்கும் நடக்கவிட்டு அப்பா பழக்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது.

இடவ மாதம், மழைக்காலம் தொடங்கும் நேரம். விடியுமுன்பே வந்து முற்றத்தில் நின்றார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. கோவிலுக்குப் போகும்வரை வானம் பொறுத்துக்கொண்டது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, புதுக்கடைக்குப் புறப்பட்டதும் மழை பிடித்துக்கொண்டது. நானும் மாப்பிள்ளையும் அம்மாவும் வில்வண்டிக்குள் இருந்தோம். கூட நடந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் ஒதுங்கினார்கள். பேண்டு மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பெரிய கொட்டின் தோல் நனைந்து பொத்துப்பொத்தென்று கேட்டது. கிளாரினெட் வாசித்தவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூடக் கையெடுக்கவில்லை. முதன்முறையாக அவர்கள்மேல் எனக்குப் பிரியம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஏறும் பாதையில் ஒரே சேறு. களைப்பில் அவர்களுடைய கால் பழைய நடைக்குத் திரும்பிவிட்டது. ஊதுவது கல்யாணப் பாட்டு, நடப்பது அடக்க நடை. வண்டியும் அதற்குத் தக்கபடி ஊர்ந்தது. அப்பா சேற்றில் ஓடி ஓடி, "வேகம் நடங்க, வேகம்!" என்று கெஞ்சினார். பலிக்கவில்லை. மருமகளை வரவேற்கக் கோவிலுக்கு வராமல் வீட்டிலேயே தங்கிவிட்ட மாமியார் வாசலில் குடையோடு நின்றிருந்தார். அவர் பார்வை அந்தக் கால்களைவிட்டு நகரவில்லை.

பேண்டு ஓய்ந்தது. மாமியார் வண்டிக்கு வரவில்லை. நேரே கிளாரினெட்காரரிடம் போனார்.

"எனக்க மவனுக்க அப்பாவுக்க அடக்கத்துக்கு வாசிச்சது நீங்கதானே?"

கிளாரினெட்காரர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"ஆமா, அம்மா."

"அண்ணைக்கும் இதே மழைதான். சொந்தமெல்லாம் பாதி வழியில ஒதுங்கிச்சு. நீங்கதான் கல்லறை வரைக்கும் அவிய கூடப் போனிய."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிக்கு வந்து, குடையை என் தலைக்குமேல் பிடித்தார்.

"எறங்கு மக்கா. அவியள நல்லபடியா கொண்டுபோய் விட்டவிய, உன்னையும் நல்லபடியா கொண்டுவந்து சேத்திருக்கினும்."

எனக்கு உயிர் வந்தது. இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால், சேற்றில் நின்ற அப்பாவிடம் அம்மா நேராகவே பேசுவது கேட்டது.

"இந்தாங்க துண்டு. தலையைத் தொவட்டுங்க, சளி பிடிக்கும்."